மளிகைக் கடையில் ஒரு மருந்துச் சீட்டு

ஒரு டாக்டர் சீட்டு எழுதுகிறார். வழக்கம் போல கிறுக்கல்தான். மேலே நோயாளியின் பெயர், கீழே கையெழுத்து. நடுவில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். மாத்திரை பெயர் இல்லை. டானிக் பெயர் இல்லை.

இவ்வளவு பால். இவ்வளவு காய்கறி. இவ்வளவு இறைச்சி. வாரத்துக்கு.

சீட்டை வாங்கிய அம்மா மெடிக்கல் ஷாப்புக்குப் போகவில்லை. நேராக மளிகைக் கடைக்குப் போனார். கடைக்காரர் சீட்டைப் பார்த்து, சாமானைக் கட்டிக் கொடுத்து, பில்லை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரியும் மருந்துச் செலவுக் கணக்கில் எழுதிப் பணம் கொடுத்துவிட்டது.

பொருள் காட்சி நாடகம் இல்லை. அமெரிக்காவில் நடந்தது. 1960களின் பிற்பகுதி. மிசிசிப்பி மாநிலத்தில் மவுண்ட் பையூ என்கிற சின்ன ஊர். அமெரிக்கா நிலவுக்கு ஆள் அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்த அதே வருடங்கள்!

விஷயம் கவர்னர் காதுக்குப் போனது. கொதித்தார். வாஷிங்டனுக்குப் புகார் பறந்தது. பணம் கொடுத்தது மத்திய அரசு அல்லவா? ஓர் அதிகாரி கிளம்பி வந்தார்.

"மருந்துக்கென்று கொடுத்த பணத்தில் மளிகை வாங்கிக் கொடுக்கிறீர்களாமே? அந்தப் பணம் நோய்க்கு மருந்து வாங்க."

டாக்டர் அமைதியாக பதில் சொன்னார். சொன்னதன் சாரம் இது: நான் கடைசியாகப் புத்தகத்தைப் புரட்டியபோது, சத்துக்குறைவு என்ற நோய்க்குக் குறிப்பான மருந்து சாப்பாடு என்றுதான் போட்டிருந்தது.

வந்தவருக்கு மேலே பேச ஒன்றுமில்லை. திரும்பிப் போய்விட்டார்.

அந்த டாக்டரின் பெயர் ஜாக் கைகர். இந்த பதிலை அவர் அன்று காலையில் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பின்னால் முப்பது வருடக் கதை ஒன்று உண்டு. அது அமெரிக்காவில் ஆரம்பித்த கதையும் இல்லை.

*

அந்தக் கதைக்கு முன்னால் ஒரு சின்ன சொந்தக் கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல வருடங்களுக்கு முன்னால், சென்னையில் நான் குடியிருந்த தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். ஷாமியானா, மைக் செட், பிளாஸ்டிக் நாற்காலிகள். நல்ல மனசோடு நடத்திய முகாம், அதில் சந்தேகமே இல்லை. ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரு பொட்டலம் சத்து மாத்திரை.

வரிசையில் எனக்கு முன்னால் ஓர் ஆயா. முழங்கால் வலி. டாக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். மாடிப்படி ஏறாதீங்க என்றார். ஆயா அவரையே ஒரு விநாடி பார்த்தார்.

"மாத்திரை இருக்கட்டும் தம்பி. தண்ணி மாடிக்கு ஏறுமா, அதச் சொல்லு."

விஷயம் இதுதான். ஆயா குடியிருந்தது இரண்டாவது மாடி. தண்ணீர் தெரு முனை அடிபம்பில். தினமும் ஆறு குடம், ஏழு குடம். வலி முழங்காலில் இருந்தது. நோய் தெரு முனையில் இருந்தது. டாக்டர் மேல் தப்பில்லை. அவருடைய படிவத்தில் அடிபம்புக்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

ஓர் ஊருக்கு என்ன வைத்தியம் தேவை என்று யார் முடிவு செய்வது? எதை வைத்து முடிவு செய்வது? கேட்க சாதாரணக் கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனால் இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்கத் தெரிந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கு ரொம்ப நாள் பிடித்தது. ஒழுங்காகக் கேட்டவர்களுக்கு அதனால் தலைவலியும் வந்தது.

வாருங்கள், தென்னாப்பிரிக்கா போகலாம்.

*

வருடம் 1938. சிட்னி கார்க் என்றொரு இளைஞர். ஜோகன்னஸ்பர்க்கில் மருத்துவம் படித்தவர். வயது முப்பது ஆகவில்லை. கறுப்பினப் பள்ளிக் குழந்தைகளின் உடல்நிலையை நாடு முழுக்கப் போய்ப் பார்க்கும் ஓர் ஆய்வில் அவருக்கு வேலை கிடைத்தது. எடை போடு, உயரம் அள, பல்லைப் பார், தோலைப் பார். இரண்டு வருடம் இதுதான் வேலை.

ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பார்த்த பிறகு அவருக்கு ஒன்று உறைத்தது. இவர்களுடைய பெரிய நோய், பசி. அதைக் குணப்படுத்தும் ஆஸ்பத்திரி எங்கேயும் இல்லை.

1940-ல் அரசாங்கம் அவரையும் அவர் மனைவி எமிலியையும் நேட்டால் மாகாணத்தில் இருந்த பொலேலா என்ற இடத்துக்கு அனுப்பியது. எமிலியும் டாக்டர்தான். டிராகன்ஸ்பெர்க் மலையடிவாரம். ஜூலு மக்களுக்கென்று வெள்ளை அரசு ஒதுக்கிக் கொடுத்த நிலம். ஒதுக்கிக் கொடுத்த நிலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல்மண் அரித்துப் போய், சோளம் கூட சரியாக விளையாத மண்.

இருவருக்கும் துணை இன்னொரு ஜோடி. எட்வர்ட் ஜாலி, அமேலியா ஜாலி. கணவர் மருத்துவ உதவியாளர், மனைவி நர்ஸ். இவர்கள் கூட இருந்ததால்தான் பின்னால் நடந்தது எல்லாம் நடந்தது. ஊர்க்காரர் பேசுகிற மொழியில் பேச ஆள் வேண்டுமே!

வேறு யாராவது என்றால் போர்டு மாட்டிவிட்டு, நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். இவர்களும் வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள்தான். ஆனால் கூடவே இன்னொரு வேலையும் ஆரம்பித்தார்கள்.

நடந்தார்கள்.

நிலையத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டு, அதற்குள் இருந்த ஒவ்வொரு குடிசையாக. வீட்டில் எத்தனை பேர்? யார் ஊரில் இல்லை? எங்கே போயிருக்கிறார்? தண்ணீர் எங்கிருந்து? நேற்று ராத்திரி என்ன சாப்பாடு? போன வருடம் எத்தனை குழந்தை பிறந்தது? அதில் எத்தனை இப்போது இருக்கிறது? அடுத்த வருடம் அதே வீட்டுக்கு மறுபடி போனார்கள். வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். அதற்கடுத்த வருடம் இன்னும் கொஞ்சம்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இதைப் படித்தபோது என்ன தோன்றியது தெரியுமா? இது ஸ்டாக் எடுப்பு! எந்த மளிகைக்கடை முதலாளியும் வருடத்துக்கு ஒருமுறை கடையை மூடி, அலமாரி அலமாரியாக எண்ணிப் பார்ப்பார். கல்லாவில் விழுகிற காசை மட்டும் வைத்து லாப நஷ்டம் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளி என்பது கல்லாவில் விழுகிற காசு. வராதவன்தான் சரக்கு. வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறவன், பஸ்ஸுக்குக் காசு இல்லாதவன், இது நோயே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவன். அவனை எண்ணாமல் ஊரின் ஐந்தொகை எப்படிப் போடுவது?

இன்னொன்றும் செய்தார்கள். எண்ணிக் கிடைத்த கணக்கை ஃபைலில் கட்டி மேலிடத்துக்கு அனுப்பியதோடு நிற்கவில்லை. ஊர்க்காரர்களைக் கூட்டி, இதோ உங்கள் கணக்கு என்று அவர்களிடமே காட்டினார்கள்.

*

கணக்கு எடுத்தாயிற்று. சத்துக்குறைவுதான் முதல் எதிரி என்று தெரிந்துவிட்டது. பால் குடியுங்கள், முட்டை சாப்பிடுங்கள் என்று ஒரு போஸ்டர் ஒட்டிவிட்டால் முடிந்ததா?

முடியாது. ஏன் முடியாது என்பதுதான் சுவாரசியம்.

பொலேலாவில் மாடுகள் இருந்தன. பாலும் கொஞ்சம் இருந்தது. ஆனால் கல்யாணமாகி வந்த பெண், கணவன் வீட்டு மாட்டின் பாலைக் குடிக்கக் கூடாது. பால் என்பது ரத்த உறவுக்குள் மட்டும் புழங்க வேண்டிய பொருள். மாட்டுக்கும் அந்தக் குலத்தின் முன்னோர்களுக்கும் சம்பந்தம் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. ஆக, பால் மிக அவசியமாகத் தேவைப்படுகிற கர்ப்பிணிக்குத்தான் பால் கிடையாது!

முட்டை? அதற்குப் பெரிய தடை ஒன்றும் இல்லை. ஆனால் நாளைக்குக் கோழியாகப் போகிற பொருளை இன்றைக்கே தின்றால் அது பேராசை, வீண் செலவு. நம்ம ஊரில் விதைநெல்லைக் குத்தித் தின்பதைப் பற்றி என்ன சொல்வோமோ, அது.

ஜான் கேசல் என்ற டாக்டர் இந்தக் கதைகளை எல்லாம் 1955-ல் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். கார்க்குக்குப் பிறகு பொலேலாவைப் பார்த்துக்கொண்டவர் அவர்.

என்ன செய்தார்கள்? பால் விஷயத்தில் சண்டைக்குப் போகவில்லை. பால் பவுடர் கொடுத்தார்கள். அது எந்தக் குலத்து மாட்டின் பால்? யாருக்கும் தெரியாது. எனவே தடையும் இல்லை. சோறு விஷயத்தில் இன்னும் அழகு. ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து, உங்கள் தாத்தா காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். சிறுதானியம், கீரை, இறைச்சி, பால் என்று வரிசையாக வந்தது. இப்போது? மக்காச்சோளம், மக்காச்சோளம், மக்காச்சோளம். அது வெளியிலிருந்து வந்த பயிர். புதுசாக ஒன்றும் சாப்பிட வேண்டாம், பழையதுக்குத் திரும்புங்கள் என்று சொன்னபோது காது கேட்டது. கூடவே நிலையத்தில் ஒரு மாதிரித் தோட்டம். விதை கொடுத்தார்கள். சமைத்துக் காட்டினார்கள். வீட்டுக்கு வீடு காய்கறி பாத்தி முளைத்தது.

தடுக்கி விழுந்த இடங்களும் உண்டு. ஒரு வீட்டில் பெண்ணுக்குக் காசநோய். ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார் டாக்டர். அப்பா முடியாது என்றார். உங்கள் பெண்ணால்தான் மற்றவர்களுக்கு நோய் பரவுகிறது என்று டாக்டர் விளக்கினார். அப்பாவின் முகம் மாறிவிட்டது. கோபம். என்ன காரணம்? அவர்கள் நம்பிக்கையில், அடுத்தவருக்கு நோயை உண்டாக்குவது சூனியக்காரர்கள் மட்டும்தான். டாக்டர் சொன்னது தொற்று. அப்பா காதில் விழுந்தது, உன் பெண் சூனியக்காரி.

டாக்டர் புரிந்துகொண்டு, சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவளுக்கே நல்லது என்று மட்டும் எடுத்துச் சொன்ன பிறகுதான் அப்பா இறங்கி வந்தார்.

யோசித்துப் பாருங்கள். டாக்டர் சொன்னது விஞ்ஞானப்படி நூறு சதவிகிதம் சரி. ஆனால் அந்தச் சரியான வாக்கியமே அந்தப் பெண்ணின் வைத்தியத்துக்குக் குறுக்கே நின்றது.

பலன் இருந்ததா? இருந்தது. 1952-ல் கார்க்கும் கேசலும் முன்னேற்ற அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். குழந்தை இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. ஆரம்பத்தில் சர்வசாதாரணமாகக் கண்ணில் பட்ட கடுமையான சத்துக்குறைவு நோய்கள் அரிதாகி இருந்தன.

*

பேரேடு என்பது விசித்திரமான பொருள். ஒழுங்காக எழுதினால், அது யார் யாரையோ காட்டிக் கொடுத்துவிடும்.

பொலேலாவின் இன்னொரு பெரிய பிரச்னை சிஃபிலிஸ் என்கிற பால்வினை நோய். ஒழுக்கம் கெட்டுப் போச்சு என்று சொல்லிவிட்டு ஊசி போட்டு அனுப்பியிருக்கலாம். கார்க் தன் கணக்கைப் பார்த்தார். யார் ஊரில் இல்லை என்று கேட்டு எழுதிய பக்கம் நினைவிருக்கிறதா? கிட்டத்தட்ட வீட்டுக்கு வீடு ஓர் ஆண் ஊரில் இல்லை.

எங்கே போனார்கள்? சுரங்கத்துக்கு. 1867-ல் தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைத்தது. 1886-ல் தங்கம். தோண்ட ஆள் வேண்டும். குடிசைக்கு வரி போட்டால் வரி கட்டப் பணம் வேண்டும். பணத்துக்கு நிலத்தில் வழியில்லை. ஆண்கள் கிளம்பினார்கள். சுரங்கக் கொட்டடியில் மனைவிக்கு இடம் கிடையாது. மாதக்கணக்கில் தனியாக இருந்தார்கள். திரும்பி வந்தபோது சம்பளத்தோடு நோயையும் கொண்டு வந்தார்கள்.

1949-ல் கார்க் இதைக் கட்டுரையாக எழுதினார். சிஃபிலிஸுக்குக் கிருமி ஒரு காரணம். இந்த நாடு தன் தொழிலாளிகளைக் குடும்பத்திலிருந்து பிய்த்து எடுக்கிற முறை இன்னொரு காரணம்.

அவர் எழுதிய நேரம் சரியில்லை. ஒரு வருடம் முன்னால்தான், 1948-ல், தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. நிறவெறி, அதாவது அபார்தைட், சட்டமாகிக்கொண்டிருந்த காலம். அதற்கு முன் 1944-ல் ஹென்றி குளுக்மன் தலைமையிலான அரசுக் குழு, பொலேலா மாதிரி நாடு முழுக்க 400 நிலையங்கள் வேண்டும் என்று சிபாரிசு செய்திருந்தது. சுமார் 40-தான் கட்டினார்கள். பிறகு அதுவும் நின்றது.

டர்பனில் கார்க் நடத்திய பயிற்சி நிறுவனம், இந்தியர் குடியிருப்புகளிலும் இதே முறையில் வேலை செய்தது. கரும்புத் தோட்டத்துக்கென்று 1860 முதல் கப்பலேறிப் போன நம்மவர்களின் பேரன் பேத்திகள் அவர்கள். அதற்கும் நெருக்கடி. 1958-ல் கார்க் தம்பதி நாட்டை விட்டே கிளம்பினார்கள். கேசல் அதற்கு முன்பே அமெரிக்கா போயிருந்தார்.

கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முடியவில்லை. காரணம், ஒரு வருடம் முன்னால், 1957-ல், அங்கே வந்து சில மாதங்கள் தங்கிவிட்டுப் போன ஓர் அமெரிக்க மாணவர்.

*

ஜாக் கைகர். நம்ம ஆள்! மருத்துவம் படிக்கப் போவதற்கு முன்னால் பத்திரிகை நிருபராக இருந்தவர். சிறு வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, நியூயார்க் ஹார்லெமில் கேனடா லீ என்ற கறுப்பின நடிகர் வீட்டில் தங்கி வளர்ந்த வெள்ளைக்காரப் பையன். படித்துக்கொண்டிருக்கும்போதே கார்க்கின் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு, உதவித்தொகை வாங்கிக்கொண்டு பொலேலா போனார். கணக்கு எடுக்கக் கற்றுக்கொண்டார்.

1964 கோடையில் கறுப்பர்களின் ஓட்டுரிமைப் போராட்டத்துக்கு உதவ மிசிசிப்பிக்குப் போனபோது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொலேலாவை எதற்குக் கடல் தாண்டித் தேட வேண்டும்? இதோ, சொந்த நாட்டிலேயே இருக்கிறது!

ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிராகப் போர் அறிவித்திருந்த நேரம். மத்திய அரசிடம் பணம் கேட்டார்கள். 1965-ல் கிடைத்தது. பாஸ்டனில் ஒரு நிலையம் அந்த வருடமே திறந்தது. அடுத்தது மிசிசிப்பி. இடம், முன்னாள் அடிமைகள் 1887-ல் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்ட ஊரான மவுண்ட் பையூ.

கட்டடம் எழும்புவதற்கு முன்பே ஜான் ஹேட்ச் என்ற கறுப்பின சமூக சேவகர் ஊர் ஊராகப் போனார். சர்ச்சில் கூட்டம் போட்டார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

டாக்டர் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும் என்று சொல்வார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதற்கு முன்னால் சொன்னவை வேறு. சாப்பாடு. வேலை. நல்ல வீடு. தண்ணீர்.

காரணம் இருந்தது. பருத்தி எடுக்க மெஷின் வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக வெள்ளை முதலாளியின் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள் கை வேலையற்றுப் போய்விட்டது. சும்மா கிடைத்துக்கொண்டிருந்த தானியத்தைப் பல மாவட்டங்களில் நிறுத்திவிட்டு, உணவு டோக்கன் கொண்டுவந்தார்கள். டோக்கனைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். காசு எங்கே? உலகத்தின் மிக வளமான மண்ணில் ஒன்று அது. அதன் மேல் உட்கார்ந்துகொண்டு குழந்தைகள் பட்டினி கிடந்தன.

அங்கேதான் நாம் ஆரம்பத்தில் பார்த்த மருந்துச் சீட்டு வருகிறது.

ஆனால் சீட்டு எழுதுவது நிரந்தரத் தீர்வு இல்லை என்று கைகருக்கும் தெரியும், ஹேட்சுக்கும் தெரியும். இந்த ஜனங்களுக்கு விவசாயம் தெரியும். பக்கத்தில் நிலம் இருக்கிறது. 1968-ல் கூட்டுறவுப் பண்ணை ஒன்று உருவானது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்தன. இந்தத் தடவை பருத்தி இல்லை, காய்கறி. கிணறு தோண்டினார்கள். கழிப்பறை கட்டினார்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார்கள். எல்லாம் மருத்துவத்தின் பெயரால்! முழங்கால் வலிக்கு அடிபம்பை ரிப்பேர் செய்கிற வைத்தியம்.

*

1978-ல் சோவியத் யூனியனின் அல்மா அட்டா நகரில் உலக நாடுகள் கூடி, ஆரம்ப சுகாதாரம் பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டன. தங்கள் ஆரோக்கியத்தைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமை என்றது அது. பொலேலாவின் குடிசைகளில் நடந்து பழகியவர்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

இந்தியாவும் இதே காலத்தில் இதே கேள்வியைக் கேட்டது. 1943-ல் அமைக்கப்பட்ட ஜோசப் போர் குழு 1946-ல் அறிக்கை கொடுத்தது. இன்று உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஜாதகம் அதில்தான் இருக்கிறது.

கைகர் 2020 டிசம்பரில் இறந்தார். மவுண்ட் பையூ நிலையம் இன்றும் நடக்கிறது. அதன் வழியில் வந்த நிலையங்களை அமெரிக்காவில் இன்று சுமார் 1,400 அமைப்புகள் நடத்துகின்றன. அவற்றுக்கு ஒரு சட்டம் உண்டு. நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்ளும் நோயாளிகளாக இருந்தாக வேண்டும். அதாவது, பேரேட்டின் சாவி ஊரின் கையில்.

அடுத்த தடவை உங்கள் தெருவில் முகாம் போடும்போது, நீங்கள் ஏற்பாடு செய்கிறவராகவும் இருக்கலாம், ஒன்று செய்து பாருங்கள். ஷாமியானாவுக்குச் சொல்வதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பத்து வீடு ஏறி இறங்குங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சாக்கடை எங்கே தேங்குகிறது? யார் வெளியே வருவதே இல்லை? கேளுங்கள். எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டுங்கள்.

அந்த ஆயா அன்றைக்கு மாத்திரைப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். எங்கே போனார் என்று பார்த்தேன்.

தெரு முனைக்குத்தான். குடம் அங்கே வரிசையில் இருந்தது.